இன்ஜின் மாற்றிய காரில் வெப்பநிலை முள் ஏன் பொய் சொல்கிறது? சரியான சென்சரைப் பொருத்துவது எப்படி?

வெள்ளிக்கிழமை மாலை. ஜுரு டோல் சாவடியை ஒட்டிய சாலையில் வாகனங்கள் ஊர்ந்து போகின்றன. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வருபவர்கள், பினாங்குப் பாலத்துக்குப் போகிறவர்கள், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் திரும்புகிறவர்கள் என எல்லாரும் சேரும் இடம் அது. நகராத கார்களில் ரேடியேட்டருக்குள் காற்று தானாகப் புகாது. இன்ஜினைக் குளிர வைப்பது மின்விசிறி மட்டும்தான்.

அந்த வரிசையில் இன்ஜின் மாற்றிய ஒரு பழைய புரோட்டோன் வீராவோ கஞ்சிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டில் வெப்பநிலை முள் கீழே, 'சி' பக்கத்தில் அமைதியாக இருக்கிறது. ஆனால் பானெட்டுக்குள் தண்ணீர் கொதிக்கிறது. ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. தெரியும்போது ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

இன்ஜின் மாற்றுபவர்கள் டர்போ, கியர்பாக்ஸ், மவுண்டிங் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். விரல் நீளம்கூட இல்லாத வெப்பநிலை சென்சரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இந்தச் சின்னப் பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

மலேசியாவில் இன்ஜின் மாற்றுவது ஏன் இவ்வளவு சகஜம்?

ஜப்பானில் கார்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாயப் பரிசோதனை உண்டு. கார் பழசாக ஆக, அதைத் தேற்றிப் பரிசோதனையில் தேற வைக்கும் செலவு ஏறிக்கொண்டே போகும். அதனால் நன்றாக ஓடும் நிலையிலேயே பல கார்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றின் முன்பாதியை வெட்டி, இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் சேர்த்துக் கப்பலில் அனுப்புவதுதான் 'ஹாஃப் கட்'. நம்மூரில் இதை விற்கும் கடைக்கு 'கெடாய் போத்தோங்' என்று பெயர்.

மலேசியக் கார்களுக்கு இது நன்றாகப் பொருந்திப் போனது. 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1993-இல் வந்த வீராவும் மிட்சுபிஷியின் அடித்தளத்தில் உருவானவை. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், டைஹாட்சுவின் அடித்தளத்தில் உருவானது. அதனால் வீராவின் 1.3 அல்லது 1.5 லிட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு, அதே மிட்சுபிஷி குடும்பத்தின் 1.8 லிட்டர் 4ஜி93 இன்ஜினைப் போடுவது பட்டறைகளுக்குப் பழக்கமான வேலை. கஞ்சிலுக்கும் டைஹாட்சுவின் டர்போ இன்ஜின்களைத் தேடிப் போடுகிறவர்கள் உண்டு.

செபராங் பிறையில் கார் என்றாலே நினைவுக்கு வரும் இடங்களில் ஜுருவும் ஒன்று. ஆட்டோ சிட்டி இருப்பது இங்கேதான். சுற்றிலும் தொழிற்பேட்டைகள், பட்டறைகள், உதிரிபாகக் கடைகள். இன்ஜின் மாற்றுவது பற்றி இங்கே கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

ஒரு சென்சரா, மூன்றா?

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 'டெம்பரேச்சர் சென்சர்' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிப் பொருள்கள்.

முதலாவது, இசியுவுக்கான சென்சர். இசியு என்பது இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்று முடிவு செய்யும் கணினி. தண்ணீரின் சூட்டை அது இந்த சென்சர் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. பெரும்பாலும் இதற்கு இரண்டு வயர்கள் இருக்கும்.

இரண்டாவது, டாஷ்போர்டு முள்ளுக்கான சென்சர். பட்டறைகளில் இதை 'சென்டர்' என்றும் சொல்வார்கள். பழைய ஜப்பானிய, மலேசியக் கார்களில் இதற்கு ஒரே ஒரு வயர்தான். எர்த் இணைப்பு அதன் பித்தளை உடம்பு வழியாக இன்ஜினுக்குப் போகும்.

மூன்றாவது, மின்விசிறியின் சுவிட்ச். இது சூட்டை அளக்காது. குறிப்பிட்ட சூட்டில் இணைப்புக் கொடுக்கும், ஆறியதும் துண்டிக்கும், அவ்வளவுதான். பல பழைய கார்களில் இது இன்ஜினில் இல்லாமல் ரேடியேட்டரில் இருக்கும். சில கார்களில் இந்த சுவிட்சே கிடையாது. விசிறியையும் இசியுவே பார்த்துக்கொள்ளும்.

கார்புரேட்டர் வைத்த பழைய காரில் முதலாவது சென்சருக்குப் பெரிதாக வேலை இல்லை. அதில் இன்ஜெக்ஷன் இன்ஜினைப் போடும்போது இசியுவும் அதன் சென்சரும் புதிதாக வந்து சேர்கின்றன. முள் மட்டும் பழைய காருடையது. பழசும் புதுசும் சந்திக்கும் இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

முதல் இரண்டு சென்சர்களுக்கும் உள்ளே இருப்பது தெர்மிஸ்டர் என்ற சிறிய துண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்தத் தடையை வைத்துத்தான் இசியுவோ முள்ளோ சூட்டைக் கணக்கிடுகிறது.

ஆனால் எந்தச் சூட்டில் எத்தனை ஓம் என்பது சென்சருக்கு சென்சர் வேறுபடும். மிட்சுபிஷியின் இசியு சென்சர் ஒன்றை எடுத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

0 டிகிரி செல்சியஸில் 5,800 ஓம்
20 டிகிரியில் 2,400 ஓம்
40 டிகிரியில் 1,100 ஓம்
80 டிகிரியில் 300 ஓம்

முள்ளுக்கான சென்சரின் கணக்கு முற்றிலும் வேறு. மிட்சுபிஷியின் பல மாடல்களில் 70 டிகிரியிலேயே அது 104 ஓம் அளவுக்கு இறங்கிவிடும்.

இரண்டையும் மாற்றி இணைத்தால் என்ன ஆகும்? இசியு சென்சரை முள்ளோடு இணைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் 100 டிகிரியைத் தொடும்போது அந்த சென்சரின் தடை 180 ஓம் அளவில் இருக்கும். முள் தன் பழைய கணக்கின்படி அதைப் படிக்கும். அதன் கணக்கில் 180 ஓம் என்றால் சூடு 50 டிகிரிக்குப் பக்கம்தான். அதாவது தண்ணி கொதிச்சாலும் முள்ளு ஏறாது. ஜுரு நெரிசலில் நாம் முதலில் பார்த்த காரின் பிரச்சினை இதுதான்.

எதிர்ப்பக்கமும் பார்ப்போம். முள்ளின் சென்சரை இசியுவோடு இணைத்தால், உண்மையில் 70 டிகிரி இருக்கும்போது இசியு அதை 120 டிகிரி என்று நினைக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினைப் பார்த்து 'இது ஏற்கெனவே சூடாக இருக்கிறது' என்று முடிவு செய்து, ஸ்டார்ட் ஆகத் தேவையான கூடுதல் பெட்ரோலைக் கொடுக்காது. வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். விசிறி இசியுவின் கையில் இருந்தால் அது நிற்காமல் சுற்றும்.

வயரே இணைக்காமல் விட்டால்? தடை எல்லையில்லாமல் இருப்பதால், இசியு அதை உறையும் குளிராகப் படிக்கும். பல இசியுக்கள் இது கோளாறு என்று புரிந்துகொண்டு, ஏதோ ஒரு பொது அளவை வைத்துச் சமாளிக்கும். ஓபிடி-2 உள்ள கார்களில் பி0118 என்ற குறியீடு வரும். சமாளிக்கத் தெரியாத இசியு பெட்ரோலை அள்ளிக் கொட்டும். கரும்புகை, பெட்ரோல் நாற்றம், மாசக் கடைசியில் பெட்ரோல் செலவு.

மறக்கக் கூடாத ஒரு விதி

இசியுவின் சென்சர் இசியுவோடு போகும். முள்ளின் சென்சர் முள்ளோடு போகும். இன்ஜின் எது என்பது இரண்டாம் பட்சம்.

அதாவது ஹாஃப் கட்டிலிருந்து இன்ஜினும் இசியுவும் சேர்ந்து வந்தால், அந்த இன்ஜினில் இருக்கும் இரண்டு வயர் சென்சரை அப்படியே விட்டுவிடலாம். டாஷ்போர்டு பழைய காருடையது என்பதால், பழைய இன்ஜினிலிருந்து ஒற்றை வயர் சென்சரைக் கழற்றிப் புதிய இன்ஜினில் போட வேண்டும். கழற்றிய பழைய இன்ஜினைக் கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன்னால் இதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு கடை கடையாக அலைகிறார்கள்.

வெளிச்சந்தையில் வாங்கிய இசியு என்றால், அதன் மென்பொருளில் எந்த சென்சர் என்று தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அங்கே தவறான பெயரைத் தேர்ந்தெடுத்தால் சென்சர் நல்லதாக இருந்தும் கணக்கு தப்பாகும். உதாரணத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் வகை சென்சர் 20 டிகிரியில் 3,500 ஓம் காட்டும், மேலே சொன்ன மிட்சுபிஷி வகை 2,400 ஓம் காட்டும். 80 டிகிரியிலோ இரண்டும் நெருங்கிவிடும். அதனால் வண்டி சூடானபின் நன்றாக ஓடும், காலையில் மட்டும் தகராறு செய்யும். காரணம் தெரியாமல் பிளக்கையும் பேட்டரியையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மரை பொருந்துகிறதா?

மின்கணக்கு சரியாக இருந்தாலும் சென்சர் துளையில் உட்கார வேண்டும். ஜப்பானிய இன்ஜின்களில் இசியு சென்சருக்கு 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் பரவலான அளவு. முள்ளின் சென்சருக்குப் பெரும்பாலும் எட்டில் ஒரு பங்கு அங்குலக் குழாய் மரை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு என்று சொல்லப்படும் மரையில் இரண்டு வகை உண்டு. ஜப்பானும் பிரிட்டனும் பயன்படுத்துவதில் அங்குலத்துக்கு 28 மரைகள். அமெரிக்க வகையில் 27. கையால் திருகினால் இரண்டும் முதல் சில சுற்றுகள் சுலபமாகப் போகும். 'கொஞ்சம் டைட்டா இருக்கு, பரவால்ல' என்று ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அலுமினிய வீட்டின் மரை நொறுங்கும். இணையத்தில் வாங்கும் தனி மீட்டர்களில் அமெரிக்க மரை நிறைய வரும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மரை பொருந்தவில்லை என்றால் வழிகள் உண்டு. சரியான அடாப்டர் போடலாம். தெர்மோஸ்டாட் வீட்டில் தடிமனான இடம் இருந்தால் புதிய துளை போட்டு மரை வெட்டலாம். ஆனால் அதைக் கழற்றி வெளியே வைத்துத்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அலுமினியத் துகள் தண்ணீர்ப் பாதைக்குள் விழும். ரேடியேட்டரின் மேல் குழாயை வெட்டி நடுவில் ஓர் உலோக இணைப்பு வைத்து, அதில் சென்சரைப் பொருத்துவது இன்னொரு வழி. ஆனால் இருபக்கமும் ரப்பர் குழாய் என்பதால் அந்த இணைப்புக்கு எர்த் கிடைக்காது. ஒற்றை வயர் சென்சர் என்றால் தனியாக ஓர் எர்த் வயர் இழுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தவிருங்கள். சென்சர் பொருந்தவில்லை என்று வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துச் சமாளிப்பது. தெர்மிஸ்டரின் கணக்கு நேர்கோடாகப் போகாது. ரெசிஸ்டர் ஏதாவது ஒரு சூட்டில் முள்ளைச் சரியாகக் காட்டும், மற்ற இடங்களில் ஏமாற்றும். அதேபோல் ஒரே சென்சரிலிருந்து இசியுவுக்கும் முள்ளுக்கும் சேர்த்து வயர் இழுப்பதும் ஆகாது. இரண்டும் ஒன்றின் கணக்கை மற்றொன்று கெடுக்கும்.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். ஒரு மல்டிமீட்டர், ஒரு வெப்பமானி, ஒரு பாத்திரம் போதும். சமைக்கும் பாத்திரம் வேண்டாம், பழசாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐஸ் கலந்த தண்ணீரில் சென்சரின் முனையை முக்குங்கள். அது ஏறக்குறைய 0 டிகிரி. ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அறைச் சூட்டில் ஓர் அளவு. பினாங்கின் 30 டிகிரியில் மேலே சொன்ன இசியு சென்சர் 1,600 அல்லது 1,700 ஓம் பக்கம் காட்டும். அதன்பின் தண்ணீரைச் சூடாக்கி 40, 60, 80 டிகிரியில் அளவெடுங்கள். கடைசியாகக் கொதிநிலை. ஜுரு கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில்தான். வெப்பமானி சரியா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சென்சர் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. வயர் இணைக்கும் பக்கம் நனையவும் கூடாது. ஒற்றை வயர் சென்சர் என்றால் மீட்டரின் ஒரு முனையை வயர் ஆணியிலும் மற்றதைப் பித்தளை உடம்பிலும் வையுங்கள்.

கிடைத்த எண்களை அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். மேனுவல் கிடைக்கவில்லையா? பழைய சென்சரையும் புதிய சென்சரையும் ஒரே பாத்திரத்தில் தொங்கவிட்டு அளந்தால், இரண்டும் ஒரே ரகமா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சென்சர் சரி, ஆனாலும் முள் ஏறவில்லையே?

'அண்ணே, புது சென்சர் போட்டும் முள்ளு படுத்தே கிடக்கு' என்று வருபவர்களிடம் அனுபவமுள்ள ஃபோர்மேன் முதலில் கேட்பது, 'தம்பி, எர்த் வயர் பாத்தியா?' என்பதுதான்.

இன்ஜினிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் பட்டையை இன்ஜின் மாற்றும்போது கழற்றுவார்கள். திரும்பப் போடும்போது துருப்பிடித்த இடத்திலோ பெயின்ட்டின் மேலோ இறுக்கிவிட்டால் இணைப்பு சரியாக இருக்காது. ஒற்றை வயர் சென்சரின் மரையில் வெள்ளை டேப்பைக் கனமாகச் சுற்றினாலும் இதே கதைதான். தடை கூடும், முள் குறைவாகக் காட்டும். டேப் தேவையென்றால் மெல்லிதாக, முனையின் முதல் இரண்டு மரைகளை விட்டுச் சுற்றினால் போதும்.

அடுத்த காரணம் காற்று. தண்ணீர் மாற்றியபின் உள்ளே காற்று தங்கினால், சென்சரின் முனை தண்ணீரில் முங்காமல் வெற்றிடத்தில் நிற்கும். இன்ஜின் கொதித்தாலும் சென்சருக்கு அது சரியாக எட்டாது. அதனால்தான் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து குமிழி அடங்கும்வரை தண்ணீர் சேர்ப்பார்கள்.

இதிலிருந்தே ஓர் எச்சரிக்கை: ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே ஏறிய முள் திடீர்னு விழுந்தால் 'ஆறிடுச்சு'ன்னு சந்தோஷப்படாதீங்க. தண்ணீர் முழுவதும் வெளியேறி, சென்சர் காய்ந்துபோய் நிற்கலாம். உடனே பாதுகாப்பாக ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் சீறி வெளியே வரும். முகமும் கையும் வெந்துபோகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சென்சர் மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இன்ஜின் மாற்றுவது அப்படியல்ல. காரின் பதிவில் இன்ஜின் எண்ணும் கொள்ளளவும் இருக்கின்றன. அவை மாறினால் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் தெரிவித்து, வாகனப் பரிசோதனை முடித்து, பதிவைத் திருத்த வேண்டும். இன்ஜின் வாங்கிய ஆவணங்களைக் கடையில் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

சாலை வரியும் மாறும். தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காருக்கு 1,468 சிசி இன்ஜின் என்றால் ஆண்டுக்கு 90 ரிங்கிட். 1,834 சிசி கொண்ட 4ஜி93 இன்ஜினுக்கு 280 ரிங்கிட்டும், 1,800-க்கு மேல் உள்ள ஒவ்வொரு சிசிக்கும் 50 சென்னும். மொத்தம் 297 ரிங்கிட். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். பதிவில் ஒரு இன்ஜின், பானெட்டுக்குள் வேறொரு இன்ஜின் என்றிருந்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. இசியுவின் சென்சர் எது, முள்ளின் சென்சர் எது என்று பானெட்டைத் திறந்து காட்ட முடியுமா?
2. முள்ளுக்கு இப்போது இருப்பது என் பழைய காரின் சென்சரா, புதிய இன்ஜினோடு வந்ததா?
3. மின்விசிறியை ஓட வைப்பது சுவிட்சா, இசியுவா? அது எந்தச் சூட்டில் ஓட ஆரம்பிக்கிறது?
4. இன்ஜினுக்கும் உடம்புக்கும் நடுவில் எர்த் பட்டை எங்கே இருக்கிறது?
5. தண்ணீரில் காற்று எடுத்தாச்சா?

அதன்பிறகு பட்டறை வாசலிலேயே காரை நிறுத்தி, இருபது நிமிடம் இன்ஜினை ஓட விடுங்கள். முள் மெதுவாக ஏற வேண்டும், நடுவை ஒட்டி நிற்க வேண்டும். விசிறி தானாக ஓடி, சற்று நேரத்தில் தானாக நிற்க வேண்டும். இது குறைந்தது இரண்டு முறையாவது நடப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் எட்டு கிலோமீட்டருக்கு மேல் கீழே கடல்தான். நடுவில் போய் வண்டி கொதித்தால் ஒதுங்க அங்கே பட்டறை கிடையாது.